காத்திருப்பு எங்கே தொடங்குகிறது?

கிராஞ்சியில் இருந்தாலும் தேக்காவில் இருந்தாலும், பலதுறை மருந்தகத்தில் நம் எண் வரத் தாமதமானால் முகப்பில் இருப்பவரிடம்தான் கோபப்படுகிறோம். தாமதமோ பல நேரங்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வேலை கைமாறும் இடத்தில் பிறக்கிறது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 1976ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே மருத்துவர் ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்யும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தாதியர் தயார்செய்துவிடுவர். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை.

வேகத்தை மட்டும் அளந்தால் கண்ணுக்கு ஆபத்து. அதனால் சிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கல்களையும் கணக்கெடுத்து, குறையைத் திருத்துகிறார்கள்.

அடுத்த முறை கருத்துப் படிவம் தந்தால், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். திருத்த நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் உதவும்.