நினைவுத்தடையோ, சுவட்டுத்தடையோ?

மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி என்னும் மூன்றனோடு நான்காம் சுற்றுறுப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும் என 1971-இல் லியோன் சுவா கணித நெறியால் நிறுவி, அதற்கு ‘மெம்ரிஸ்டர்’ எனப் பெயரிட்டார். சொல்லுக்குச் சொல் மாற்றின் ‘நினைவுத்தடை’ என வரும். நினைவு உயிர்க்கு உரிய தொழிலாகலின், அது பொருந்துமா என்பதே ஈண்டு வினா.

கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் வறண்ட வாய்க்காலில் விட்ட முதல் நீர் தயங்கிச் செல்லும். அடுத்த நீர் விரையும். வாய்க்கால் எதனையும் நினைப்பதில்லை. முன்னை நீரின் சுவடே அதன்கண் உள்ளது. அவ்வீரம் சின்னாளில் உலரும். இக்கருவியின் சுவடோ மின்னோட்டம் நின்ற பின்னரும் நிற்கும். ஹியூலெட்-பாக்கார்டு ஆய்வகத்தார் 2008-இல் காட்டிய கருவியில், சில நானோமீட்டர் அளவே தடித்த டைட்டேனியம் டையாக்சைடு படலத்தினுள் ஆக்சிஜன் வெற்றிடங்கள் மின்னழுத்தத்தால் இடம்பெயர, தடை கூடும், அன்றிக் குறையும். (இது சுவா கருதிய உறுப்புத்தானா என்னும் வழக்கு வேறு.)

2024-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் மூலக்கூற்றுப் படலம் ஒன்றில் 16,000-க்கும் மேற்பட்ட நிலைகளைப் பிரித்துக் காட்டினர். எண்ணை ஓரிடத்து வைத்து மற்றோரிடத்துக் கணக்கிடும் அலைச்சல் இத்தகைய கருவிகளால் குறையும். பொறித்த சுவடே பெருக்கவும் கூட்டவும் செய்கின்றது. ஆதலின் ‘சுவட்டுத்தடை’ என்பதே ஏற்புடைத்து. ‘தடை’ என்னும் பகுதியை நீக்குதற்கில்லை. ஓம் என்னும் அலகால் அளக்கப்படுவது அதுவே.