டிரம் பிரேக்கைக் கழற்றும் முன்: சட்டிக்குள் என்ன நடக்கிறது?

கார் பிரேக் என்றதும் எல்லோருக்கும் டிஸ்க்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரத்தில் இன்றைக்கும் டிரம்தான். மூடிக்கிடக்கும் ஒரு இரும்புச் சட்டி. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே பலருக்கு அதன்மேல் ஒரு பயம்: திறந்தால் ஸ்பிரிங் எல்லாம் தெறிச்சுடும், திரும்ப மாட்டவே முடியாது. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பின்பக்க பிரேக் ஷூ மாற்றுவது வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். எது எதைத் தள்ளுகிறது என்று தெரிந்துவிட்டால் எந்த ஸ்பிரிங் எங்கே என்பது தானாகவே விளங்கும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கொஞ்சம் கணக்கு.

பின்னால் ஏன் இன்னும் டிரம்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. 900 கிலோ கார், சக்கரங்களுக்கு இடையே 2.36 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.7 மடங்கு வேகக்குறைப்பு, அதாவது நல்ல அழுத்தமான பிரேக். அப்போது முன்னால் நகரும் சுமை: 900 × 0.7 × 0.5 ÷ 2.36, ஏறக்குறைய 133 கிலோ. நிற்கும்போது முன்னால் 540, பின்னால் 360 கிலோ இருந்த வண்டி, பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்தில் 673-க்கு 227 ஆகிவிடுகிறது. நான்கில் மூன்று பங்கு வேலை முன்சக்கரத்துக்கு. பின்னால் பெரிய சூட்டைத் தாங்கும் பிரேக் தேவையில்லை. அதோடு டிரம்முக்குள் ஹேண்ட் பிரேக்கை அடக்குவது சுலபம், மலிவு. அவ்வளவுதான் காரணம்.

இப்போது சட்டிக்குள் போவோம். பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் எதிரெதிராக நிற்கின்றன. மேலே இரண்டுக்கும் நடுவில் வீல் சிலிண்டர். கீழே இரண்டும் ஒரு கட்டையில் சாய்ந்திருக்கின்றன. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் சிலிண்டருக்குள் இருக்கும் இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். ஷூக்கள் விரிந்து சுற்றும் டிரம்மின் உள்சுவரில் உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அவற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இரண்டு ஷூவும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. கதவு ஆடாமல் இருக்கக் கீழே ஆப்பு செருகுவோம் இல்லையா? கதவு ஆப்பை நோக்கித் தள்ளினால் ஆப்பு இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் இழுத்தால் தளர்ந்துவிடும். வண்டி முன்னே போகும்போது டிரம்மின் முன்பக்கச் சுவர் மேலிருந்து கீழாக நகர்கிறது. அது முன் ஷூவைத் தன்னோடு இழுத்து, கீழ்க்கட்டையில் அழுத்தி, சுவரோடு இன்னும் நெருக்குகிறது. இதுதான் முன்னோடி ஷூ. பின் ஷூவில் நேர் எதிர்: சுவர் அதை விலக்கப் பார்க்கிறது. காரில் இந்த டிரம் அமைப்பைக் கொண்டுவந்த பெருமை 1902-இல் லூயி ரெனோவுக்குச் சேருகிறது. பூஸ்டர் இல்லாத காலத்தில் கால் பலத்தை வண்டியின் ஓட்டமே பெருக்கிக் கொடுத்தது பெரிய வரம்.

எவ்வளவு பெருக்கம்? உராய்வுக் கெழு 0.35 என்று வைத்து, தூரங்களைச் சமமாக எடுத்துக்கொண்டால், முன் ஷூவின் அழுத்தம் 1 ÷ (1 − 0.35), சுமார் 1.54. பின் ஷூவுக்கு 1 ÷ (1 + 0.35), சுமார் 0.74. இரண்டு மடங்கு வித்தியாசம். நிஜ டிரம்மில் தூரங்கள் இப்படிச் சமமாக இருக்காது, ஆனால் போக்கு இதுதான். முன் ஷூ சீக்கிரம் தேய்வது இதனால்தான்.

இதே கணக்கில் ஒரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. உராய்வு 0.35-லிருந்து 0.45 ஆனால், அதாவது முப்பது சதவீதம்கூடக் கூடவில்லை, முன் ஷூவின் பிடிப்பு ஐம்பது சதவீதத்துக்கு மேல் எகிறுகிறது. லைனரில் சின்ன மாற்றம், பிரேக்கில் பெரிய மாற்றம். ஒரு சக்கரத்தில் புது லைனர், மறு சக்கரத்தில் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். "இந்தப் பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கு, அது மட்டும் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கம்பெனி செட்டாக மாற்ற வேண்டும். லைனரில் கிரீஸோ ஆயிலோ பட்டுவிட்டால் பெட்ரோலில் கழுவியும் உப்புத்தாள் போட்டும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். உள்ளே ஊறியது, சூடானதும் வெளியே வரும்.

சரி, வேலைக்கு. சமதரை வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: ஹேண்ட் பிரேக் பிடிப்பது நாம் தூக்கப்போகும் அதே பின்சக்கரங்களை. டிரம் கழல வேண்டுமென்றால் அதை விடுவித்தாக வேண்டும். அப்போது வண்டியைப் பிடிப்பது எது? முன்சக்கர இயக்க வண்டியில் முதல் கியர், கூடவே முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். தூக்கியபின் கண்டிப்பாக ஜாக்கி ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

டிரம் வராமல் அடம்பிடிப்பதுதான் முதல் நாள் கலங்கவைக்கும் இடம். முதலில் உங்கள் வண்டியில் டிரம் தனியா, பேரிங்கோடு சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்தது என்றால் நடு நட்டைக் கழற்ற வேண்டும், திரும்ப முடுக்கும் டார்க்கும் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். டார்க் ரெஞ்சு இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. தனி டிரம் என்றால் தடை இரண்டே இடத்தில்தான். ஒன்று, ஹப்போடு ஒட்டிய துரு. பல டிரம்களில் மரையுள்ள இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். இரண்டு, ஷூ உரசி உரசிக் குழிந்த சுவரின் ஓரத்தில் எழும்பிய விளிம்பு. ஷூ அதில் மாட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைப் பின்வாங்கினால் விடும். சுத்தியலால் ஓரத்தில் போடாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

டிரம் வந்ததும் ஊதத் தோன்றும். ஊதவே கூடாது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு முழுக்கத் தடை செய்யப்படவில்லை. பழைய ஷூவில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இழை நுரையீரலுக்குள் போனால் நோய் வருவது இருபது, முப்பது வருஷம் கழித்து. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் பிரேக் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதுவதையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதையும் தடுக்கின்றன. நம் பட்டறைகளில் கம்ப்ரசர் குழாயை வைத்து 'புஸ்' என்று அடிப்பது அன்றாடக் காட்சி, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். வீட்டில் செய்தால் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை நனைந்தபடியே பிளாஸ்டிக் பையில் கட்டிவிடலாம். என்னைக் கேட்டால், வீட்டில் செய்வதன் பெரிய ஆதாயம் மிச்சமாகும் கூலியைவிட இதுதான்.

ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் அப்படியே கிடக்கட்டும், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. அது கண்ணாடிப் பிம்பம் என்பதை மறக்காமல் பார்க்கணும். போனில் நாலு படம் எடுத்துவையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேல், கீழ் ஸ்பிரிங்குகளை விடுவித்து, ஷூவைப் பிடித்திருக்கும் கிண்ண வாஷரை அழுத்திக் கால் சுற்று திருப்பினால் ஷூ கையில் வரும். பின் ஷூவில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இருக்கும். அது பெரும்பாலும் புது ஷூவோடு வராது, பழையதிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும்.

இந்த நேரத்தில் யாரும் பெடலைத் தொடக்கூடாது. தடுக்க ஷூ இல்லாததால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் ஊறி நின்றால் கசிவு. புது ஷூவை அதன் கீழ் வைப்பது வீண். சிலிண்டர் மாற்றி, காற்று எடுத்து, புது ஆயில் ஊற்ற வேண்டும். அந்த வேலைக்குப் பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம் இது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியபின் அது 140-க்கு இறங்கலாம். திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற வேண்டாம்.

மாட்டும்போது பின்தட்டில் ஷூ சறுக்கும் மேடுகளில் மட்டும், பிரேக்குக்கான சூடு தாங்கும் கிரீஸை ஈரம் போலத் தடவினால் போதும். நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இடது, வலது மரை எதிரெதிராக இருக்கும். இடம் மாறினால் விரிய வேண்டியது சுருங்கும்.

கடைசியாக, அதிகம் பேர் தலைகீழாகச் செய்யும் விஷயம். ஹேண்ட் பிரேக் லிவர் மேலே மேலே போகிறது என்றதும் கேபிளை இறுக்கிவிடுவது. ஷூ தேய்ந்து இடைவெளி கூடியதுதான் காரணம். கேபிளை இறுக்கினால் அறிகுறி மறையும், இடைவெளி அப்படியே இருக்கும். இன்னொரு கேடு, உள்ளே இருக்கும் நெம்புகோல் முழுதாக ஓய்வு நிலைக்குத் திரும்பாது. பல வண்டிகளில் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்ய அந்த ஓய்வு நிலை வேண்டும். ஆக, நாளாக ஆகப் பெடல் கீழே இறங்கும், யாருக்கும் காரணம் புரியாது. கேபிள் தளர்வாக இருக்கும்போதே, டிரம்மை மாட்டிச் சுற்றினால் மெல்லிய உரசல் கேட்கும்வரை ஷூவை விரியுங்கள். பெடலை பலமுறை மிதித்து நிலைக்கு வரவிடுங்கள். மறுபக்கமும் முடிந்தபின்தான் கேபிள். எத்தனை 'கிளிக்' என்று கையேடு சொல்லும். லிவரை முழுக்க இறக்கினால் இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

வீல் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, நகரும் முன் பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று மிதித்துப் பாருங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், நடை வேகத்தில். புது லைனர் டிரம்மின் வளைவுக்குப் பழகும் வரை மிதமான பிரேக்குகள் மட்டும். சரிவான இடம் கிடைத்தால் ஹேண்ட் பிரேக்கை முகம் கீழ்நோக்கி ஒருமுறை, மேல்நோக்கி ஒருமுறை சோதியுங்கள். பின்னோக்கி உருளப் பார்க்கும்போது ஷூக்கள் பாத்திரம் மாற்றிக்கொள்கின்றன. அதுவரை சும்மா இருந்த பின் ஷூதான் அப்போது இறுகிப் பிடிக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.