உங்களுக்குத் தெரியுமா? ஜவ்வாது மலையும் இங்கிலீஷும்!

ஜவ்வாது மலை என்றாலே சந்தனம்தான்! இங்கிலீஷில் அது 'சாண்டல்'. காலில் மாட்டுகிற செருப்பும் 'சாண்டல்'! ஒரே ஸ்பெல்லிங். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! மரத்தின் பெயர் இந்தியச் சந்தனத்திலிருந்து கப்பலேறிப் போனது. செருப்பின் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது!

இங்கிலீஷ் காம்போசிஷனில் கோட்டைவிட்டு, கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பைப் பறிகொடுத்த மாணவர் யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்! அதே ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்த மொழியில்? இங்கிலீஷில்! அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்! 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ!

இதில் ஜவ்வாது மலை எங்கே வந்தது என்கிறீர்களா? மலைமேல் காவலூரில் வானாய்வு மையம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். இந்திய மண்ணிலிருந்து நூறாண்டுக்கு மேல் கழித்துச் சிக்கிய முதல் குறுங்கோள்! அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். வரிசை எண் 4130!

இன்னொரு ஜவ்வாது மலைச் சேதி! மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி. படித்தது தமிழ்வழியில். 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானபோது வயது வெறும் 23! அந்தத் தேர்வில் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. மொழிபெயர்ப்புக்கென்றே தனியாக ஒரு தாள் உண்டு. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு! தமிழ்வழியில் படித்தால் இங்கிலீஷ் வராது என்று யாராவது சொன்னால், இந்தப் பெயரைச் சொல்லுங்கள்!

கிராமர் சொல்லித் தராமலேயே இங்கிலீஷ் சொல்லித் தர முடியுமா? முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் தென்னிந்தியப் பள்ளிக்கூடங்கள்! 1979-ல் என்.எஸ்.பிரபு என்ற அறிஞர் பெங்களூரிலும் மெட்ராஸிலும் தொடங்கிய சோதனை இது. பிள்ளைகள் கையில் ரயில்வே டைம்டேபிளைக் கொடுத்தார்கள். இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? அந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும்? நடுவில் எவ்வளவு நேரம்? கேள்வியும் இங்கிலீஷ், பதிலும் இங்கிலீஷ். முதலில் டீச்சரோடு சேர்ந்து ஒன்று, அப்புறம் தனியாக ஒன்று. இலக்கண விதி ஒன்றுகூடக் கரும்பலகையில் ஏறவில்லை! இப்படியே ஐந்து வருஷம்! 'டாஸ்க் பேஸ்டு' என்று இன்று உலகமெல்லாம் பேசுகிற முறைக்கு முன்னோடி இதுதான். எத்தனை பேருக்குத் தெரியும்?

1960-களின் தொடக்கம். நம் மாநிலத்தில் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு ஒரு மாபெரும் பயிற்சி. பத்துப் பேர் கற்று நூறு பேருக்கு, நூறு பேர் கற்று ஆயிரம் பேருக்கு என்ற கணக்கு! அதன் செல்லப் பெயர் 'மெட்ராஸ் ஸ்னோபால்'. குறி வைத்தது எத்தனை ஆசிரியர்களை? 27,000!

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் எழுத்து பிரிட்டனுக்கே போயிருக்கிறது! எழும்பூர் அநாதை இல்லத்தில் பாடம் நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டுவிட்டார். மணல் எழுத்தும் சேர்ந்த அந்தப் பாடமுறையின் பெயர் 'மெட்ராஸ் சிஸ்டம்'! ஸ்காட்லாந்தில் அவர் நிறுவிய 'மெட்ராஸ் காலேஜ்' இன்றும் நடக்கிறது!

தலையணை மாதிரி டிக்‌ஷனரியைப் பார்த்து மிரளுகிறீர்களா? 2,000 வார்த்தைப் பட்டியல் ஒன்று போதும், சாதாரணமாகப் படிப்பதில் சுமார் 80 சதவீத வார்த்தைகள் அதில் அடங்கிவிடும்! 1953-ல் அந்தப் பட்டியலை வெளியிட்ட மைக்கேல் வெஸ்ட், வார்த்தைகளைச் சலித்தெடுக்கிற வேலையைத் தொடங்கியது எங்கே? வங்காளத்தில், டாக்காவில்!

'ரென் அண்ட் மார்ட்டின்' கிராமர் புத்தகம் வீட்டில் இருக்கிறதா? அந்த ரென் சாகச நாவலாசிரியர்! சகாரா பாலைவனத்துக் கதையான அவருடைய 'போ ஜெஸ்ட்' 1924-ல் வந்து சக்கைப்போடு போட்டது. ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது!

மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமம்? இங்கிலீஷில் 'கொரண்டம்'. அது தமிழிலிருந்து போன நம் குருந்தம்! இன்னும் சில: கட்டுமரம் 'கேட்டமரான்'. சுருட்டு 'செரூட்'. மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி'!

'கோ - வென்ட் - கான்' மனப்பாடம் பண்ணியே நாக்கு தள்ளுகிறதா? நல்ல செய்தி! பழைய இங்கிலீஷில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்ட 177 முரட்டு வினைச்சொற்களில் இன்றும் முரண்டு பிடிப்பவை 98 மட்டும்! மிச்சமெல்லாம் 'எட்' போட்டுக்கொண்டு சாதுவாகிவிட்டன. 'ஹெல்ப்' கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்'! ஆனால் அதிகம் புழங்கும் முதல் பத்து வினைச்சொற்கள்? பத்தும் முரடுகள்!

'பீ' என்ற ஒரே வினைக்கு எட்டு வடிவம்: ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், பீ, பீயிங், பீன்!

'புக்கீப்பர்' என்று இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று இரட்டை எழுத்து!

கடைசியாக ஒரு பயிற்சி. 'ஐ நெவர் செட் ஷி ஸ்டோல் மை மணி.' முதல் தடவை 'ஐ'-யை அழுத்துங்கள்: சொன்னது நான் இல்லை, வேறு யாரோ! அடுத்து 'ஷி'-யை அழுத்துங்கள்: எடுத்தது அவள் இல்லை, வேறு ஆள்! 'மை'-யை அழுத்துங்கள்: பணம் என்னுடையதே இல்லை! இப்படி ஒவ்வொன்றாக அழுத்தினால் ஏழு வார்த்தைக்கு ஏழு அர்த்தம்!