ஒரு பக்க மூக்கடைப்பும் ஒளிந்திருக்கும் கட்டியும்

புது தில்லி: திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் அறியாதவர் இல்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. 1956-ல் எல்லை பிரிந்த பின்னரும் குமரி, நெல்லை மாவட்ட நோயாளிகள் நாடிச் செல்லும் இடம் அது.

மூக்கு, சைனஸ் அறைகளில் தோன்றும் புற்றுநோய் மிக அரிது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதமே. மூக்கடைப்பு, சளி, சிறிது ரத்தக் கசிவு என்று தொடங்குவதால் சாதாரண சைனஸ் தொல்லையாகவே கருதப்பட்டு, மாதக்கணக்கில் சொட்டு மருந்திலேயே காலம் கழிகிறது. அடைப்பு ஒரு பக்கத்தில் மட்டும் நீடிப்பதே முக்கிய எச்சரிக்கை. கன்னம் மரத்துப்போவது, காட்சி இரட்டையாகத் தெரிவது, மேற்பற்கள் ஆடுவது ஆகியவை நோய் பரவிவிட்டதைக் காட்டக்கூடும்.

நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. தென் தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் குளத்தில் குளிப்போருக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய் வருகிறது. மூக்கினுள் எளிதில் ரத்தம் கசியும் சிவந்த சதை வளரும். இது புற்றுநோயன்று. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் உறுதி செய்ய இயலாது.

எண்டோஸ்கோப் மூலம் பார்த்து, எலும்பின் நிலையறிய சி.டி. ஸ்கேனும், கண், மூளைப் பக்கம் பரவியதா என்றறிய எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, பிறகே திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். இவ்வரிசை முக்கியம். வளரிளம் பருவச் சிறுவர்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா ரத்தக் குழாய்கள் நிறைந்தது. ஸ்கேன் எடுக்காமல் கிள்ளினால் ரத்தப்பெருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோயாளியின் தொழிலைக் கேட்பதும் பரிசோதனையே. இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலித் தொழிலாளர்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது 1960-களில் கண்டறியப்பட்டது. மரத்தூள் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் அறிவித்தது. மரஅறுவை ஆலைகள் மலிந்த கேரளத்தில் இக்கேள்வி எத்தனை புறநோயாளிப் பிரிவுகளில் கேட்கப்படுகிறதோ!

புற்றுநோயை அறிவிக்கத்தக்க நோயாக்க வேண்டும் என ராம்கோபால் யாதவ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. மத்திய அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களே உள்ளன. மூக்கைச் சேர்க்கக் கோருவது நியாயமாகாது. எண்ணிக்கை மிகக் குறைவு. கோரத்தக்கது, மாவட்ட மருத்துவமனைதோறும் எண்டோஸ்கோப்பும் அதைக் கையாளத் தெரிந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவரும்தான்.