பழைய படகு வாங்கப் போகிறீர்களா? பெயிண்டை நம்பாதீர்கள், தட்டிப் பாருங்கள்

கிள்ளான் – 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி பூலாவ் இண்டாவுக்கு வந்து சேர்ந்த 'எக்குவானிமிட்டி' என்ற ஆடம்பரக் கப்பலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 91.5 மீட்டர் நீளம். நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம் கட்டி 2014-இல் ஒப்படைத்த கப்பல். அதன் விலை 25 கோடி அமெரிக்க டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 1எம்டிபி பணத்தில் ஜோ லோ வாங்கியது என்பதுதான் வழக்கு. அன்றைய பிரதமர் துன் மகாதீர்கூட அதில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு அது கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தின் கடல்சார் பிரிவுக்குப் போனது. அரசுத் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர்களில் சித்பா செல்வரத்தினமும் ஒருவர் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. விற்பனைக்கு வழிகாட்டி விலையாக 13 கோடி டாலர் வைக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் கெந்திங் மலேசியா நிறுவனம் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் 51 கோடி வெள்ளிக்கு, அதை வாங்கியது.

கட்டிய விலையில் பாதி! ஐந்தே ஆண்டுகளில். அவசர விற்பனை, வழக்கின் கறை என்று காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் கப்பலோ படகோ, அதன் விலையை வாங்கிய ரசீது சொல்வதில்லை. இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒருவர் உள்ளே இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். படகு சர்வேயர் என்பார்கள்.

சர்வேயர் என்றதும் நமக்கு நிலம் அளப்பவர்தான் நினைவுக்கு வருவார். இவர் அளப்பது கொஞ்சம். தட்டுவது, முகர்வது, நோண்டுவதுதான் அதிகம்.

இதெல்லாம் பணக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். வார இறுதியில் கேரித் தீவுப் பக்கமோ தெலுக் பங்லிமா காராங் பக்கமோ போய்ப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், கிள்ளானில் லாரி ஓட்டுபவர்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கிய ஃபைபர் படகில் லங்காட் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் மாமாவும் அப்படி ஒரு கூட்டணியில் இருந்தவர்தான். பழைய படகு, நாற்பது குதிரைத்திறன் எஞ்சின், ஆளுக்கு மூவாயிரம் வெள்ளி. விற்றவர் புதுசாக நீலப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். "பாக்க புது படகு மாதிரியே இருந்துச்சுடா" என்பார் மாமா.

மூன்றாவது பயணத்தில் ஆற்று முகத்துவாரத்தில் எஞ்சின் லேசாகப் பின்பக்கம் சாய ஆரம்பித்தது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் இருந்த மரம் நனைந்து, உளுத்து, தூளாகிப் போயிருந்தது. மேலே ஃபைபரும் நீலப் பெயிண்டும் மட்டும்தான். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் வர, ஆளுக்கொரு பக்கம் வாளியில் இறைத்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். நாலு பேரில் ஒருவருக்குத்தான் உயிர்காப்புச் சட்டை இருந்தது. அத்தை அந்தக் கதையைக் கேட்ட பிறகு மாமா மீன் பிடிக்கப் போகவில்லை.

அந்தப் பலகையை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். சர்வேயர் முதலில் கையில் எடுப்பது சின்னச் சுத்தியல். படகின் உடலைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். ஃபைபர் நன்றாக இருந்தால் 'டக்' என்று கூர்மையான சத்தம். உள்ளே நனைந்திருந்தாலோ அடுக்குகள் பிரிந்திருந்தாலோ 'தொப்' என்று செத்த சத்தம். தேங்காய் வாங்கும்போது நாம் செய்வதுதான். பிறகு ஈரமானி என்ற கருவியை வைத்து அதே இடங்களைச் சரிபார்ப்பார். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை, தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள், திருகாணி இறங்கிய இடங்கள், இவற்றில்தான் அழுகல் தொடங்கும்.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் செய்யும் ஆய்வு பாதி ஆய்வுதான். ஃபைபர் உடலில் நீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் மெதுவாக ஊறி ஃபைபரின் ரசாயனத்தோடு சேர்ந்து உருவாக்கும் கொப்புளம் அது. உடைத்தால் புளித்த காடி வாசனை அடிக்கும். நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில் இது குளிர்நாடுகளைவிட வேகமாக வரும். மரப்படகு என்றால் வேறு எதிரி. சதுப்புநிலத் தண்ணீரில் வாழும் கப்பல்புழு, வெளியே ஊசித்துளை அளவு ஓட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே பலகையைச் சல்லடையாக்கிவிடும். இரும்புப் படகில் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஒலியலைக் கருவியால் அளப்பார்கள்.

எஞ்சின் விஷயத்தில் விற்பவர்கள் செய்யும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். கோளாறுள்ள எஞ்சினும் சூட்டில் சட்டென்று கிளம்பிவிடும். அதனால் போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓடும்போது பின்னால் சிறு குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது வலுவில்லாமல் வழிந்தால் குளிர்விக்கும் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது கிள்ளான் ஆற்றுச் சேறு பாதையை அடைத்திருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரையில் ஓட்டிக் காட்டினால் போதாது. முழு வேகத்தில் கொஞ்ச தூரம் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் எதுவும் தெரியாது.

காகித வேலையையும் விடக்கூடாது. எஞ்சின் வரிசை எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? உல்லாசப் படகு என்றால் கடல்துறையின் பதிவு இருக்கிறதா? அதன் தலைமையகம் கிள்ளான் துறைமுகத்திலேயே இருக்கிறது. மீன்பிடிப் படகு என்றால் 1985 மீன்வளச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறை உரிமம் தனி. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கடல்சார் சட்டத்தில் சில கடன்கள் ஆளைப் பிடிக்காது, கப்பலைப் பிடிக்கும். மாலுமிகளுக்குத் தராத சம்பளம், மோதல் இழப்பீடு, மீட்புக் கட்டணம் போன்றவை கப்பல் கைமாறினாலும் கூடவே வரும். நீதிமன்றம் விற்றால் பழைய கடன்கள் கப்பலை விட்டு விலகி, விற்ற பணத்தின் மீது போய்விடும். எக்குவானிமிட்டியை வாங்கியவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, படகுத்துறையில் கைகுலுக்கி வாங்கும் நமக்குக் கிடையாது.

சரி, சர்வேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் விதி, விற்பவர் காட்டும் ஆளை வைக்காதீர்கள். பழைய காரென்றால் பெயர் மாற்ற வாகனப் பரிசோதனை வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கார் தரகரும் சொல்லிவிடுவார். படகுக்கான அரசுப் பரிசோதனை பாதுகாப்புக்கானது. விலை நியாயமா என்று அது சொல்லாது. அதனால் உங்களுக்கு வேலை செய்யும், உங்களிடம் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும். அறிக்கை உங்கள் பெயருக்கு வர வேண்டும். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் படகு சர்வேயர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பதால், 1991-இல் தொடங்கிய அனைத்துலகக் கடல்சார் ஆய்வாளர் கழகம் போன்ற அமைப்பில் உறுப்பினரா, தொழில் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர்களை மறைத்து, காட்டச் சொல்லுங்கள். படங்களும், எதைப் பார்க்க முடியவில்லை என்ற குறிப்பும் இல்லாத அறிக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அரச சிலாங்கூர் படகு மன்றம் போன்ற இடங்களில் படகு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் யார் கறாரானவர் என்ற தகவல் தானாகவே வரும்.

முன்பணம் கொடுக்கும்போது, 'ஆய்வில் திருப்தி இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையேல் பணம் திரும்ப வேண்டும்' என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெரிய படகு விற்பனைகளில் இது சாதாரண நிபந்தனை. இதற்கு ஒப்பாத விற்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சின்னப் படகுக்குச் சர்வேயர் கட்டணம் கட்டுப்படியாகாது என்பவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கள். நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். சேற்றில் படகு உட்கார்ந்திருக்கும்போது, தூக்கும் செலவில்லாமல் அதன் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் நன்றாகப் பார்க்கலாம். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகையைத் தட்டுங்கள். எஞ்சினை இரண்டு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.