உஷார்! கயிறு கட்டிய மூன்றாம் ராத்திரி

உங்கள் வீட்டில் குடிக்கிற ஆள் நாளைக்குக் கோயிலில் கயிறு கட்டப் போகிறாரா? நல்ல காரியம், தடுக்காதீர்கள். ஆனால் கயிறு கட்டிய மூன்றாம் ராத்திரி யாரும் அசந்து தூங்கிவிடாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் குடியை விட வைக்க வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவது ஒன்று. ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட வைப்பது இன்னொன்று. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 65 பேருக்கு மேல் கொண்டுபோனது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுததை ஊரே பார்த்தது. பக்கத்திலேயே கல்வராயன் மலை. ஊறல் பேரல்களைப் போலீஸ் கொட்டிக் கொட்டி அலுத்துப்போன மலை அது. இந்த நிலையில் ஒரு மனைவி புருஷன் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனால், மூட நம்பிக்கை என்று சிரிக்க எனக்கு வாய் வராது.

பயம் எனக்கு அதற்குப் பிறகுதான். கட்டிய அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது. மறுநாள் காலையில் டீ டம்ளர் கையில் ஆடும், வேர்த்துக் கொட்டும். ‘சாமி சோதிக்குது’ என்பார்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் மேலே பூச்சி ஊருது என்று தட்டிவிட ஆரம்பிப்பார். மூலையில் எவனோ நிக்கிறான் என்பார். பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘நீ யாரு’ என்பார். ‘ஐயோ, காத்து கருப்பு அடிச்சிடுச்சு, பூசாரிய கூப்பிடுங்க’ என்று கிழவி அலறுவாள். வேப்பிலை வரும், உடுக்கை வரும். உடுக்கைச் சத்தத்துக்கு அவர் இன்னும் மிரளுவார். மிரள மிரள, ‘பாரு, உள்ள இருக்கறது துடிக்குது’ என்று இன்னும் நாலு அடி விழும். கையைக் காலைக் கட்டிப் போடுவார்கள். விடிவதற்குள் வலிப்பு வந்தாலும் வரலாம்.

அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை, அருளும் இல்லை. டாக்டர்கள் அதை டெலிரியம் டிரெமென்ஸ் என்கிறார்கள். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிற சரக்கு. வருஷக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் பாரத்தை எடுத்துவிட்டால், அமுக்கிய ஸ்பிரிங் மாதிரி எகிறுகிறது. நடுக்கமும் வேர்வையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த மூன்றாம் ராத்திரிதான். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகும். குடிக்கிற எல்லோருக்கும் இது வராது. காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறவருக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு கண்டவருக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

அருளா நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் திருவிழா பார்த்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. அருள் வந்து ஆடுகிறவர் பம்பை நின்றதும் ஓய்வார், விபூதி கொடுப்பார், ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு ‘என்ன மாமா, எப்ப வந்தீங்க’ என்று விசாரிப்பார். இவருக்கு அந்தத் திரும்பி வருதல் கிடையாது. நாள் தெரியாது, ஆள் தெரியாது, உடம்பு கொதிக்கும், பயம் நேரத்துக்கு நேரம் ஏறும்.

பயம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். 1896 ஆகஸ்ட் கடைசியில், திருக்கோவிலூருக்கு எதிர்க்கரையில் அரகண்டநல்லூர்க் கோயிலில் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையன் ஒருவன் பெரிய ஒளியைக் கண்டான். அவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அதற்கு ஆறு வாரம் முன்பு மதுரையில் மரண பயம் அவனைப் பிடித்து உலுக்கி, அன்றோடு விட்டும் போயிருந்தது. ஒளியைக் கண்ட மறுநாள் அவன் என்ன செய்தான்? கீழூரில் ஒரு வீட்டில் சாப்பிட்டான், காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான், திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். தலைகால் தெரிந்த பையன்.

இன்னொரு வெளிச்சமும் உண்டு. 1934 டிசம்பரில், நியூயார்க்கில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பில் வில்சனுக்கு அறை முழுக்க ஒளி நிறைந்தது போல் ஓர் அனுபவம். எனக்குப் பைத்தியமா என்று டாக்டர் சில்க்வொர்த்தைக் கேட்டார். டாக்டர் கேலி செய்யவில்லை, கிடைத்ததை விட்டுவிடாதே என்றார். அடுத்த வருஷம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. தன்னை மீறிய சக்தியிடம் ஒப்படைத்துக்கொள் என்று குடிகாரர்களுக்குச் சொல்கிற இயக்கம் அது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவருக்குச் சாமி தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

ஆகவே கயிற்றுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரி. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ‘நாளையிலிருந்து நிறுத்தப் போறாரு, இத்தனை வருஷமா தினமும் குடிக்கிறாரு’ என்று மறைக்காமல் சொல்லுங்கள். மலையில் இருப்பவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போய்விடுங்கள். மூன்றாம் ராத்திரி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது லேசு இல்லை. பி1 வைட்டமினும், நடுக்கத்தை அடக்கி நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரையும் கொடுப்பார்கள். மாத்திரை போட்டால் விரதம் கெட்டுவிடும் என்று எந்தப் பூசாரியாவது சொன்னால் பூசாரியை மாற்றுங்கள். சந்தேகம் கேட்க 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நடுக்கம் நிற்க ஒரு பாக்கெட் வாங்கிவந்து ஊற்றலாம் என்று யோசனை சொல்ல ஒரு சித்தப்பா கட்டாயம் இருப்பார். கருணாபுரத்திலும் அது வெறும் பாக்கெட்தான். அப்படிப் பாக்கெட் குடித்தவர் கண் மங்குது, வயிறு வலிக்குது என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. குடியை விட வைக்கக் குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியும் வேண்டாம். அதில் டைசல்பிராம் இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்.

கட்டிப் போடுவது கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

மூன்றாம் ராத்திரியைத் தாண்டிவிட்டால், மாலை போட்டவருக்கு அடுத்த கண்டம் அதைக் கழற்றும் நாள். மாலை போட்டிருந்தவரை பெண்டாட்டி பிள்ளைகள் அவரைச் ‘சாமி’ என்றார்கள், தெரு ‘சாமி’ என்றது. கோபம் வந்தபோதுகூட யாரும் ‘குடிகாரப் பயலே’ என்று சொல்லவில்லை. விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, கூட உட்கார நாலு பேர். மாலையைக் கழற்றிய அன்றே அத்தனையும் போய்விடுகிறது. பழைய கூட்டாளி மட்டும் அதே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறான். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். குருசாமியை வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம் போல விளக்கேற்ற அவரிடமே தீப்பெட்டியைக் கொடுங்கள்.