டீசல் வண்டியின் நீலப்புகை: டர்போவை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

கடம்பத்தூர் வட்டாரத்துக் காய்கறி கோயம்பேடு சந்தைக்குச் செல்வதும், செங்கல்லும் ஜல்லியும் கட்டடப் பணிகளுக்கு வந்து சேர்வதும் பெரும்பாலும் டீசல் வண்டிகளாலேயே ஆகும். அவற்றுள் பல, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி வந்த பழைய வண்டிகள். அத்தகைய வண்டி நீலப்புகை விட்டு எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியதும், “டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும்” என்ற தீர்ப்பு பட்டறையில் உடனே கிடைத்துவிடுகிறது. அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியாகவே இருக்கும். ஆயினும், காரணத்தை ஆராயாமல் புதிய டர்போவைப் பொருத்தினால், பழையதைக் கெடுத்த குறையே புதியதையும் கெடுத்துவிடும். வண்டிக்காரரின் உழைப்பு இருமுறை பட்டறைக்குப் போகாமல் காப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

டர்போ வேலை செய்யும் விதம்

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருவி இது. நமக்கும் இது அந்நியமானதன்று. கடம்பத்தூரை அடுத்த அதிகத்தூரில், 1998ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் லான்சர் கார்களைச் செய்யத் தொடங்கிய அதே தொழிற்சாலையிலிருந்து, பின்னர் டர்போ பொருத்திய பஜேரோ டீசல் வண்டிகளும் வெளிவந்தன.

எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. இத்தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக் கூடியது. அதைத் தாங்கி நிற்பதும் குளிர்விப்பதும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் ஒரு சிறு குழாய் வழியே அழுத்தத்துடன் வருகிறது. பெரிய குழாய் வழியே தானாகக் கீழிறங்கி எஞ்சினின் அடித்தொட்டியை அடைகிறது.

விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வரத்துக்கால் வற்றினால் பயிர் கருகும். வடிகால் அடைபட்டால் வயல் மூழ்கும். டர்போவின் நோய்களும் பெரும்பாலும் இவ்விரண்டில் அடங்கும். எண்ணெய் வராவிட்டால் பேரிங் தேயும். எண்ணெய் வடியாவிட்டால் அது சீல்களைத் தாண்டிக் கசிந்து, எரிந்து, நீலப்புகையாகும். இரண்டாம் வகையில், டர்போ நன்றாக இருந்தும் பழியை ஏற்கிறது.

சோதிக்கும் முறை

முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை, டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதைக் காட்டும். ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். வெண்புகை தொடர்ந்து வந்தால், எரியாத டீசலோ ரேடியேட்டர் நீரோ காரணமாகலாம். நீலப்புகையே எண்ணெய் எரிவதன் அடையாளம். காலையில் கிளப்பியவுடன் சிறிது வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்களையும், பாரத்துடன் செல்லும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளையும் டர்போவையும் ஐயுறலாம்.

இரண்டாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப்ஸ்டிக் என்னும் அளவுக்கம்பியைப் பாருங்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம். ஊற்றாமலே அளவு உயர்ந்து டீசல் வாடை வீசினால், டீசல் எண்ணெயில் கலக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. இவ்விரு நிலைகளிலும் வண்டியை ஓட்டுதல் கூடாது. அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றுவதும் புகைக்குக் காரணமாகும்.

மூன்றாவதாக, எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். சிறிது ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அல்லது பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கலாம். உள்ளே அழுத்தம் மிகுந்தால் டர்போவின் எண்ணெய் கீழே இறங்காது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்வது சொற்பச் செலவு. ஆதலால் அதையே முதலில் செய்ய வேண்டும்.

இறுதியாகவே டர்போவைத் தொட வேண்டும். எஞ்சின் அணைந்து நன்கு ஆறிய பிறகு, காற்றுக்குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்னும் பின்னுமாக அசைவு கைக்குத் தெரிந்தாலும், இதழ்கள் கூட்டில் உரசினாலும், டர்போ கெட்டதென்று துணியலாம். குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் அது குற்றமன்று.

அசட்டையின் அபாயம்

காற்றுக்குழாயில் எண்ணெய் மிகுதியாகப் புகுந்தால், எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. அப்போது ஓட்டுநர் பிரேக்கை இறுக மிதித்து, மேல் கியரில் இட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்க வேண்டும். இயலாவிடில், யாவரும் விலகி நிற்பதே உயிருக்குப் பாதுகாப்பு. காற்றுவாயைக் கையாலோ துணியாலோ மூட முயல்வது பேராபத்து.

நாம் செய்ய வேண்டுவன

வண்டியின் கையேடு கூறும் தர எண்ணெயையே ஊற்றி, ஃபில்டருடன் உரிய காலத்தில் மாற்றுக. கிளப்பியவுடன் எஞ்சினை முடுக்க வேண்டாம். பாரம் இழுத்து வந்தபின் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்திடுக. உடனே அணைத்தால் டர்போவில் தேங்கிய எண்ணெய் வெப்பத்தால் கரியாகிக் குழாயை அடைக்கும். புதிய டர்போ பொருத்த நேர்ந்தால், எண்ணெய்க் குழாய்கள் இரண்டையும் சுத்தம் செய்தோ மாற்றியோ, டர்போவினுள் சிறிது எண்ணெய் ஊற்றிய பின்னரே எஞ்சினைக் கிளப்பும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்துக.

ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டருக்கும் குப்பை வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, இடையில் ஊற்றிய எண்ணெயின் அளவையும் அன்றைய கிலோமீட்டரையோ மணிக்கணக்கையோ எழுதி வருமாறு உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். எண்ணெய்ச் செலவு எந்த மாதத்தில் கூடியது என்பதை அவ்வேடே சொல்லிவிடும். பட்டறைக்காரர் கேட்கும் முதற்கேள்விக்கு அதுவே விடையுமாகும்.